திசை மாறி ஓடும் ஆறு

மேட்டிலே பிறந்து பள்ளத்தை நாடி ஓடுவது ஆற்றின் இயல்பு. ஒருமுறை சென்ற நீர் திரும்புவதில்லை என்பதும் நாம் கண்டறிந்த உண்மை. ஆயினும், ஆண்டுதோறும் திசை மாறி ஓடும் ஆறொன்று ஆசியாவிலே உண்டு. அதனை அறியக் கம்போடியாவின் தேசப்படத்தை விரித்துப் பார்ப்போம்.

அந்நாட்டின் நடுவே நீண்டு கிடப்பது டொன்லே சாப் ஏரி. தென்கிழக்காசியாவின் மிகப் பெரிய நன்னீர் ஏரி இதுவே. இதனை மீக்கொங் பேராற்றுடன் இணைக்கும் ஆற்றுக்கும் டொன்லே சாப் என்றே பெயர். அதன் நீளம் சுமார் 120 கிலோமீற்றர். இரு நதிகளும் கூடும் இடத்தில் தலைநகர் புனோம் பென் அமைந்துள்ளது. கூடிய நீர் அங்கேயே மீண்டும் இரு கிளைகளாகப் பிரிந்து தெற்கே செல்கிறது. நாற்புறமும் நீர்வழி திறந்த அவ்விடத்தைச் 'சக்தோமுக்' என்பர். 'சதுர்முகம்' என்ற வடசொல்லின் திரிபே அது.

கோடையில் ஏரி நீர் இவ்வாற்றின் வழியே மீக்கொங்கிற்கு வடிந்து செல்லும். அப்போது ஏரியின் பரப்பு ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீற்றராகச் சுருங்கும். ஆழமோ ஒரு மீற்றர் அளவே. யூன் மாதமளவில் பருவமழையால் மீக்கொங் பெருகி, அதன் நீர்மட்டம் ஏரியின் மட்டத்தை விஞ்சும். உடனே இணைப்பாறு பின்னோக்கித் திரும்பி ஏரியினுள் பாயும். இயற்கை நியதி இங்கு மீறப்படவில்லை. எது மேடு, எது பள்ளம் என்பதே பருவத்துக்குப் பருவம் மாறுகிறது.

வெள்ளம் ஏற ஏற, ஏரி 10,000 சதுர கிலோமீற்றரைக் கடந்து பரவும். கரையோரக் காடுகள் மூழ்கும். வெள்ளத்தோடு வந்த மீன்குஞ்சுகள் அம்மரங்களின் நடுவே இரைதேடி வளரும். மழை ஓய்ந்து ஆறு மீண்டும் திரும்புகையில் மீன் கூட்டமும் ஆற்றில் இறங்கும். கம்போடிய மக்களின் உணவில் சோற்றுக்கு அடுத்த இடம் இந்த மீனுக்கே. அங்கு மிகுதியாகப் பிடிபடும் சிறு மீனுக்கும் நாட்டின் நாணயத்துக்கும் 'ரியல்' என்பதே பெயர். நீர் வடியத் தொடங்கும் காலத்தில், பூரணையை ஒட்டி, தலைநகரில் தண்ணீர்த் திருவிழாவும் படகோட்டப் போட்டியும் நடைபெறும்.

ஏரி சேமித்துவைக்கும் இந்நீர் கோடையில் வியட்நாமின் கழிமுக வயல்களுக்கும் உதவுகிறது. கடலின் உப்புநீர் உள்ளே ஏறாமல் தடுக்கிறது.

ஆனால், 2019 ஆம், 2020 ஆம் ஆண்டுகளில் ஆறு வழமைக்குப் பிந்தியே திசை திரும்பியது. மழை குறைந்ததோடு, மீக்கொங்கின் மேற்பகுதியில் எழுந்த அணைகளும் வெள்ளத்தின் அளவையும் காலத்தையும் மாற்றின. ஏரிக்கு வரும் நீரில் ஏறத்தாழப் பாதி மீக்கொங் தருவதாகும். அது பிந்தினால் காடு மூழ்கப் பிந்தும், மீன்குஞ்சு வளரும் காலம் குறுகும், வலையும் வெறுமையாகும்.

1997 இல் யுனெஸ்கோ இவ்வேரியை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. எனினும், கரையைக் காப்பதனால் மட்டும் ஏரியைக் காத்துவிட முடியாது. எங்கோ தொலைவில் பிறந்து பல நாடுகளைக் கடந்து வரும் ஆற்றின் வெள்ளமும் உரிய காலத்தில் வந்து சேர வேண்டும்.