ஆத்திரம் வேறு, மனநோய் வேறு: கொலை வழக்கில் சட்டம் எதைப் பார்க்கிறது?

செஞ்சி வட்டாரத்தில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் துரியோதனன் படுகளம்தான் உச்சம். மேலச்சேரி போன்ற ஊர்களில் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன் மேல் சபதம் நிறைவேற, அவிழ்ந்த கூந்தலைத் திரௌபதி முடிகிறாள். சபையில் பட்ட அவமானத்துக்கும் போருக்கும் இடையே 13 ஆண்டுகள். கூத்தில் அது தர்மம். இன்றைய சட்டமோ, காத்திருந்து தீர்த்த கோபத்துக்குச் சலுகை தருவதில்லை.

கணவன், மனைவி, காதல், சந்தேகம் என்று நடக்கும் கொலைகளில், 'கோபத்தில் புத்தி பேதலித்துவிட்டது' என்ற பேச்சு ஊரில் எழும். சட்டத்தில் இவை இரண்டு தனித்தனிக் கேள்விகள்.

புத்தி பேதலித்தவர்

பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-வது பிரிவு (பழைய தண்டனைச் சட்டத்தில் 84) சொல்வது இதுதான்: செயலின் தன்மையையோ, அது தவறு அல்லது சட்டவிரோதம் என்பதையோ மனநலக் குறைவால் அறிய முடியாத நிலையில் ஒருவர் செய்தது குற்றமாகாது. இங்கிலாந்தில் பிரதமரின் செயலாளரை மெக்நாட்டன் என்பவர் சுட்டுக் கொன்ற வழக்கை ஒட்டி 1843-இல் உருவான விதியே இதன் வேர்.

மருத்துவச் சீட்டு மட்டும் போதாது. சம்பவ நேரத்தில் மனநிலை எப்படி இருந்தது என்பதையே நீதிமன்றம் பார்க்கும். முன்பு சிகிச்சை பெற்றாரா, கொன்றபின் ஓடினாரா, தடயத்தை மறைத்தாரா என்பதெல்லாம் கணக்கில் வரும். மனைவியைக் கொன்ற குஜராத் கணவர் ஒருவரின் வழக்கில் 1964-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. மனநிலையை நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது; ஆனால் சிவில் வழக்கைப் போல, 'இப்படி இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம்' என்று காட்டினால் போதும். அந்தக் கணவரால் அதையும் காட்ட முடியவில்லை.

வாதம் ஏற்கப்பட்டாலும் அவர் நேராக வீட்டுக்குப் போய்விட முடியாது. நீதிமன்றம் அவரைப் பாதுகாப்பில் வைக்கச் சொல்லலாம். உரிய உறுதிமொழி பெற்று உறவினரிடம் ஒப்படைக்கலாம்.

ஆத்திரப்பட்டவர்

கடுமையான, திடீரென்ற ஆத்திரமூட்டலில் தன்னடக்கம் இழந்து கொன்றால், அதே சட்டத்தின் 101-வது பிரிவின் முதல் விதிவிலக்கு அதைக் கொலை என்ற வகையிலிருந்து இறக்குகிறது. குற்றம் நிற்கும்; தண்டனை குறையலாம்.

கடற்படை அதிகாரி நானாவதி 1959-இல் மனைவியின் காதலரைச் சுட்டுக் கொன்றார். ஜூரி அவரைக் குற்றமற்றவர் என்றது; பம்பாய் உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது; 1961-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மனைவி உண்மையைச் சொன்னபின் குடும்பத்தைச் சினிமாவில் விட்டு, கப்பலுக்குப் போய்த் துப்பாக்கி எடுத்து வந்தார். சுமார் மூன்று மணி நேரம், கோபம் தணியப் போதும் என்றது நீதிமன்றம். மனைவியின் முன்னாள் காதலரான ஆளவந்தாரைச் சென்னையில் 1952-இல் கொன்ற வழக்கிலோ, தம்பதிக்குத் தூக்கோ ஆயுளோ விதிக்கப்படவில்லை. கணவருக்கு 7 ஆண்டு, மனைவிக்கு 3 ஆண்டு சிறை.

தேங்கிய துயரம்

நொடியில் வெடிக்கும் கோபம் பெரும்பாலும் ஆண்களின் வழக்குகளுக்கே பொருந்துகிறது. ஆண்டுக்கணக்கில் அடிபட்டவளின் மனம் உள்ளுக்குள்ளேயே தேங்கும். குழந்தைகளோடு கிணற்றில் குதித்துத் தான் மட்டும் பிழைத்த தாயின் வழக்கில், 1989-இல் சென்னை உயர் நீதிமன்றம் நாட்டுப்புறக் கதையின் நல்லதங்காளை நினைவுகூர்ந்து, நீடித்த ஆத்திரமூட்டலையும் கணக்கில் எடுத்தது. தமிழ் மண் இந்தியச் சட்டத்துக்குத் தந்த அரிய பங்களிப்பு இது.

ஆனால் இதே வாசல் வழியாகச் 'சாதி மானம்' நுழையக் கூடாது. மகள் விரும்பியவனைத் திட்டமிட்டுக் கொல்வது ஆத்திரமும் அல்ல, மனநோயும் அல்ல, அது கொலை.

மனநோயாளிகள் எல்லாரும் ஆபத்தானவர்கள் என்ற எண்ணமும் தவறு. வீட்டில் ஒருவருக்குத் தூக்கம் கெட்டு, காரணமில்லாச் சந்தேகம் முற்றினால், 'சரியாகிவிடும்' என்று நாள் கடத்தாதீர்கள். விழுப்புரம் அருகே உள்ள முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்; அல்லது 14416 என்ற இலவச மனநல எண்ணில் பேசுங்கள். சிகிச்சைச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். அடி வாங்கும் பெண் 181-ஐ அழைக்கலாம். நீதிமன்றம் வருவது உயிர் போன பிறகுதான். அதற்கு முன்பு செய்ய வேண்டியது நம் வேலை.