புளியங்கொட்டையும் எவரெஸ்ட்டும்

தாயம் விளையாட நாலு புளியங்கொட்டையைத் திண்ணையில் உரசி, ஒரு பக்கத்தை வெள்ளையாக்கியிருக்கிறீர்களா? நாலில் ஒன்று மட்டும் வெள்ளையாக விழுந்தால் தாயம் என்று வைத்துக்கொள்வோம். கொட்டைகள் மொத்தம் 16 விதமாக விழலாம். அதில் தாயம் 4 விதம். இரண்டு பக்கமும் சமமாக விழுகிற கொட்டை என்றால் வாய்ப்பு நாலில் ஒன்று.

ஆனால் உரசிய கொட்டை அவ்வளவு சமமாக விழாது. பரவாயில்லை. நூறு தடவை உருட்டி எழுதிக்கொண்டே வந்தால் அதன் குணம் பிடிபட்டுவிடும்.

உருட்டிப் பார்க்கவே வழியில்லாத விஷயங்களும் உண்டு. ஃபிராங்க் நைட் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1921இல் வெளிவந்த தன் புத்தகத்தில் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். கணக்கிட முடிந்தது இடர். கணக்குக்குள் அடங்காதது நிச்சயமின்மை. இரண்டோடும் மல்லுக்கட்டிய ஒருவர் நம் குமரி மாவட்டத்து நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் பல ஆண்டுகள் இருந்தார். அவர் பெயர் டாக்டர் ஹோவர்ட் சோமர்வெல். அறுவை மருத்துவர், மலையேறுபவர்.

1922 ஜூன் 7. எவரெஸ்ட்டின் வடக்குச் சரிவு. சோமர்வெல், மலோரி, கிராஃபோர்ட் மூவரும் சுமை தூக்கும் 14 பேரோடு ஏறுகிறார்கள். சில நாள் முன்புதான் புதுப்பனி கொட்டியிருந்தது. சரியுமா, சரியாதா? செங்குத்தான ஓர் இடத்தில் சோதித்தார்கள். பனி அசையவில்லை. மேலே போனார்கள். பிற்பகலில் சரிவு அப்படியே நழுவியது. சுமை தூக்கியவர்களில் ஏழு பேர் இறந்துபோனார்கள்.

ஒரே ஒரு தடவை உருட்டிவிட்டு, கொட்டையின் குணம் தெரிந்துவிட்டது என்று நம்பியது போலத்தான் இது. இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. ஏறலாம் என்று முடிவெடுத்தவர்கள் சிலர், உயிரை விட்டவர்கள் வேறு சிலர். எங்களில் ஒருவர்கூட அவர்களோடு சாகவில்லையே என்று சோமர்வெல் பிறகு மனம் வருந்தி எழுதினார்.

அந்தப் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர் நெய்யூருக்கும் வந்தார். நோயாளிகள் நிறைந்து கிடந்தார்கள், பார்க்க மருத்துவர் போதவில்லை. லண்டனில் நல்ல எதிர்காலம் காத்திருந்தது. அதை விட்டுவிட்டு இங்கேயே வேலை செய்ய முடிவெடுத்தார்.

1924இல் மீண்டும் எவரெஸ்ட். ஜூன் 4, நண்பகல். தொண்டை புண்ணாகி சோமர்வெல் உட்கார்ந்துவிட்டார். கூட வந்த நார்டன் தனியே மேலே போனார். இருவரிடமும் ஆக்சிஜன் உருளை கிடையாது. ஒரு மணி நேரத்தில் நார்டன் ஏறியது 30 மீட்டர்தான். உச்சிக்கு இன்னும் 270 மீட்டர் போல இருந்தது. கணக்கை நீங்களே போடுங்கள்: ஒன்பது மணி நேரம். பகல் ஒரு மணிக்குத் தொடர்ந்தால் போய்ச் சேரும்போது இரவு பத்து மணி. நார்டன் 8,572 மீட்டரில் திரும்பினார்.

இது லேசான முடிவு இல்லை. இழப்பு என்பது அதே அளவு ஆதாயத்தைவிட மனசை அதிகம் வாட்டும் என்று டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979இல் எழுதினார்கள். இழக்கப்போகிறோம் என்று தோன்றும்போதுதான் மனிதர்கள் பெரிய சூதாட்டத்துக்குத் துணிகிறார்கள். ‘இவ்வளவு தூரம் வந்தாயிற்றே’ என்று மனசு இழுத்திருக்கும். நார்டன் அதற்குச் செவிகொடுக்கவில்லை.

இறங்கும் வழியில் சோமர்வெல்லின் தொண்டை முழுசாக அடைத்துக்கொண்டது. மூச்சு இல்லை, குரல் இல்லை. முன்னால் போன நார்டனுக்குத் தெரியவும் இல்லை. பனியில் உட்கார்ந்தார். கடைசி முயற்சியாக இரண்டு கைகளாலும் நெஞ்சை ஓங்கி அழுத்தினார். அடைத்திருந்தது வெளியே வந்து விழுந்தது.

பிறகு நெய்யூர். அந்நாளில் இந்தப் பகுதியில் குடற்புண் நோய் மிக அதிகம். யாருக்கு அறுவை செய்யலாம், யார் பிழைப்பார்? முதல் நோயாளிக்கு அது நிச்சயமின்மை. சோமர்வெல் ஒவ்வொருவரையும் குறித்துக்கொண்டே வந்தார். 1936இல், உடன் பணியாற்றிய மருத்துவரோடு சேர்ந்து, 2,500 பேரிடம் கற்றதை ஓர் அறுவை மருத்துவ இதழில் எழுதினார். பனிச்சரிவு தராத கணக்கு நெய்யூரில் கிடைத்தது.

சரி, நாலு கொட்டையை எடுங்கள். நூறு தடவை உருட்டுங்கள். 25 தாயம் விழுந்ததா, கூடவா, குறைவா? எழுதி அனுப்புங்கள்.