வீடியோவை மியூட்ல ஓட விட்டா பயிற்சி முடிஞ்சுடுமா?

ஒரு டேப்ல போஷ் வீடியோ, இன்னொரு டேப்ல வேலை, கடைசியில 10 கேள்வி, ஒரு சான்றிதழ். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புப் பயிற்சி பல ஐடி கம்பெனிகள்ல இப்படித்தான் முடியுது. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆவது பிரிவு இந்தப் பயிற்சியை அவ்வப்போது நடத்தச் சொல்லுது. அது உருப்படியா நடந்துச்சான்னு பார்க்க நான் வைக்கிற சோதனை ஒண்ணுதான்: நேத்து சேர்ந்த பொண்ணுக்கு, யார்கிட்ட, எத்தனை நாளுக்குள்ள புகார் கொடுக்கணும்னு தெரியுமா?

சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்துல கொடுக்கணும். கொடுக்க முடியாத சூழல் இருந்திருந்தா, உள்ளகக் குழு இன்னும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். ‘அப்ரைசல் முடியட்டும்’னு காத்திருந்தா நாள் ஓடிடும். கம்பெனி கேபும் பணியிடம்தான். நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற வழியில நடந்தது ‘ஆபீஸுக்கு வெளியே’ ஆகாது. இதுக்கெல்லாம் ஒரு ஸ்லைடுகூட இருக்காது, சிஇஓ வாழ்த்துரை மட்டும் நீளமா இருக்கும்!

வீடியோவுக்குப் பதிலா குழு உறுப்பினர்களையே பேச வைங்க, முகம் தெரியட்டும். மேனேஜர்களுக்குத் தனி அமர்வு கட்டாயம் வேணும். டீம்ல ஒருத்தங்க வந்து சொன்னா, ‘நானே பேசி முடிச்சுடறேன்’னு இறங்கக் கூடாது. சமரசம்கூட பாதிக்கப்பட்டவங்க கேட்டால்தான், அதுவும் குழு வழியாத்தான். பணம் கொடுத்து முடிக்கிறதுக்குச் சட்டத்துல இடமே இல்ல.