இடரும் படிப்பினையும்: உல்லாசப் பயணத்துறைச் சிறுதொழில்கள் பற்றிய ஓர் ஆய்வு

பட்டறிவே சிறந்த ஆசான் என்பது உலக வழக்கு. ஆயின், ஆசான் ஒருவர் இருப்பதனால் மாத்திரம் மாணவன் கற்றவனாகிவிடான். துன்பமும் அத்தகைய ஆசானே. ஒரு தொழில் துன்பத்தைத் தாங்கிப் பிழைத்தல் வேறு. அத்துன்பத்தினின்று கற்றல் வேறு. வள்ளுவர் இடுக்கணழியாமைக்குத் தனியோர் அதிகாரம் வகுத்தார்; வரவிருப்பதை முன்னறிந்து காத்தலையோ அறிவுடைமை என்னும் பிறிதோர் அதிகாரத்துள் வைத்தார். இவ்விரு பண்புகளும் ஒன்றல்ல என்பது இப்பாகுபாட்டால் விளங்கும். எமது நாட்டு உல்லாசப் பயணத்துறையிலே சிறுதொழில் நடத்துவோர் இடர்களிலிருந்து கற்பது எங்ஙனம், கற்கத் தவறுவது எதனால் என்பதை ஈண்டு நோக்குவாம்.

சிறுதொழில் என்று இங்குக் குறிக்கப்படுவன யாவை? நாலைந்து அறைகளை வாடகைக்கு விடும் விருந்தினர் விடுதி, கடற்கரை உணவுச்சாலை, பயணிகளை ஏற்றும் முச்சக்கர வண்டி, திமிங்கிலம் காட்டச் செல்லும் படகு முதலியனவாம். இவற்றிலே முதலாளியும் தொழிலாளியும் பெரும்பாலும் ஒரே குடும்பத்தவராவர். ஒரு பருவம் பொய்த்தால் பெரிய விடுதிக்கு அது கணக்கேட்டில் ஒரு நட்டம். சிறு விடுதிக்கோ அது பிள்ளையின் படிப்பும், அடைமானம் வைத்த வீடுமாம். ஆதலின் இது வெறும் ஏட்டு வினாவன்று.

2004 ஆம் ஆண்டு தொடக்கம் 2022 ஆம் ஆண்டு வரை இத்துறையைப் பேரிடர்கள் பல தாக்கின. அவற்றுள் நான்கினை எடுத்துக்கொள்வோம். 2004 டிசெம்பர் 26 இல் கடற்கோள் நிகழ்ந்தது. 2019 ஏப்பிரல் 21 இல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்கள் நடந்தன. 2018 மே மாதத்தில் 129,466 ஆக இருந்த பயணிகளின் வருகை, 2019 மே மாதத்தில் 37,802 ஆக வீழ்ந்தது. 2020 இல் கொவிட் பெருந்தொற்று வந்தது. 2018 இல் 2,333,796 பேர் வந்த நாட்டுக்கு 2021 இல் வந்தோர் 194,495 பேர் மாத்திரமே. அதிலிருந்து மீளுமுன்னர் 2022 இல் பொருளாதார நெருக்கடி தோன்றி, எரிபொருளும் சமையல் எரிவாயுவும் மின்சாரமும் அரிதாயின.

இந்நான்கும் தம்முள் வேறுபட்டவை என்பதை உற்றுநோக்குக. கடற்கோள் கட்டடத்தை அழித்தது. தாக்குதல்கள் கட்டடத்தை விட்டுப் பயணியின் நம்பிக்கையை அழித்தன. பெருந்தொற்று உலகெங்கும் பயணத்தையே நிறுத்தியது. பொருளாதார நெருக்கடியிலோ பயணி வர விரும்பினும், அவனை ஏற்றிச் செல்ல எரிபொருளும் அவனுக்குச் சமைக்க எரிவாயுவும் இல்லாதிருந்தன. கடந்த இடருக்கு மாத்திரம் ஆயத்தஞ் செய்தவன் அடுத்த இடரின் முன் வெறுங்கையனாய் நின்றான்.

நிறுவனங்கள் கற்கும் முறையை ஆராய்ந்த கிறிஸ் ஆர்கிரிஸ், டொனால்ட் ஷோன் என்னும் அறிஞர்கள் 1978 இல் வெளியிட்ட நூலொன்றில் இருவகைக் கற்றலைப் பிரித்துக் காட்டினர். ஓர் உவமையால் இதனை விளக்கலாம். படகினுள் நீர் புகுங்கால் அதனை விரைந்து இறைக்கப் பழகுதல் ஒருவகைக் கற்றல். நீர் ஏன் புகுந்தது, இப்படகு இக்கடலுக்கு ஏற்றதுதானா என வினவி, படகையோ போகும் வழியையோ மாற்றுதல் மற்றொருவகை. வாடகையைக் குறைத்தல், பணியாளரை நிறுத்துதல், கடன் தவணையைத் தள்ளிப்போடுதல் ஆகியன முதல்வகையின்பாற்படும். இவை வேண்டியனவே, எனினும் போதியனவல்ல. 2019 இன் பின் கடன் தவணைகள் ஒத்திவைக்கப்பட்டன. ஒத்திவைத்தல் தள்ளுபடியன்று; அச்சுமை நீங்குமுன்னரே 2020 வந்து சேர்ந்தது.

இரண்டாம் வகைக் கற்றல் கடினமானது என்பதற்கு அறுகம்குடா தக்க சான்றாகும். பொத்துவிலை அடுத்த அக்கரையிலே, அலைச்சறுக்கு விளையாட்டை நாடி வருவோரை நம்பிச் சிறு விடுதிகள் பல வாழ்ந்தன. கடற்கோளின் பின், வடக்குக் கிழக்குக் கரைகளில் 200 மீற்றர் தூரத்துக்குள் மீளக் கட்டலாகாது என அரசு விதித்தது. பின்னர் அவ்விதி தளர்த்தப்பட்டது. விடுதிகள் மீண்டும் கரையோரத்திலேயே எழுந்தன. இதனை அறியாமை என்று தள்ளிவிடல் பொருந்தாது. கடலை விட்டு விலகின் தொழிலும் விலகிவிடும். அங்ஙனமாயின் கற்கவேண்டியது யாது? இடம்பெயர்தலன்று, ஆபத்து வேளையில் எவ்வழியே, எம்மேட்டுக்கு, விருந்தினரை அழைத்துச் செல்வது என்பதே. 2012 ஏப்பிரல் 11 இல் சுமாத்திரா அருகே பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டு எச்சரிக்கை விடுக்கப்பட்டபோது, எமது கரையோர மக்கள் மேட்டுநிலம் நோக்கி நகர்ந்தனர். பேரலை வரவில்லை, ஆயினும் 2004 இன் பாடம் வீண்போகவில்லை என்பது அன்று புலனாயிற்று.

இனி, கற்றல் தடைப்படுவதற்குரிய காரணங்கள் மூன்று. முதலாவது, சிறுதொழிலின் அறிவு முழுவதும் ஒருவர் தலையிலேயே இருத்தல். அவர் முதுமையுற்றால், அன்றி வெளிநாடு சென்றால், அறிவும் உடன் செல்கின்றது. இரண்டாவது, ஓய்வின்மை, இடர் வேளையில் பிழைப்பே பெரிதாகின்றது, நல்ல பருவத்திலோ உழைப்பே பெரிதாகின்றது. மூன்றாவது, அயலவரைப் போட்டியாளராக மாத்திரம் கருதுதல். இடர் ஊர் முழுவதற்கும் வருவது. படிப்பினையை ஒருவர் மறைத்து வைப்பதால் அவருக்கும் இலாபமில்லை.

இக்காரணங்களை நோக்கின் பரிகாரமும் தோன்றும். ஒவ்வொரு இடரின் பின்னும் நிகழ்ந்தது யாது, முதலில் தீர்ந்த பொருள் யாது, உதவியவர் யார் என ஓர் ஏட்டில் எழுதி வைத்தல் வேண்டும். சில மாதச் செலவுக்குரிய சேமிப்பு, ஒரு நாட்டுப் பயணிகளை மாத்திரம் நம்பாமை, உள்ளூர்ப் பயணிகளையும் மதித்து வரவேற்றல், தோட்டமோ மீன்பிடியோ போன்ற துணைத்தொழில் ஒன்று ஆகியன எவ்வகை இடருக்கும் பயன்படும். இடரின் பெயர் மாறலாம்; இவற்றின் தேவை மாறாது. ஊர்ச் சங்கங்கள் ஆண்டுக்கொருமுறை கூடித் தத்தம் ஏடுகளை ஒப்புநோக்குதலும் நன்று.

2024 இல் பயணிகளின் வருகை மீண்டும் இருபது இலட்சத்தைக் கடந்து 2,053,465 ஆயிற்று. மறதி விளைவது இத்தகைய நற்காலத்திலேயே. ஆதலாற் கற்றற்குரிய காலமும் இதுவே. மாணவர்களே, உங்கள் இல்லங்களுள் சில இத்தொழிலால் வாழ்வன. பெற்றோர் பட்டதைக் கேட்டு எழுதி வைக்கும் எழுத்தறிவு உங்களிடம் உண்டு. கணக்கேட்டின் அருகே அவ்வேட்டையும் வைப்பீர்களாயின், அடுத்த தலைமுறை அதே பாடத்துக்கு மீண்டும் அதே விலை கொடுக்க வேண்டியிராது.