ஜன்னலில் ஒரு கொசுவலை

ஒரு காலத்தில் மேற்கு மாம்பலம் என்றதும் சென்னைவாசிகளுக்கு நினைவுக்கு வந்தவை கொசுவும் யானைக்கால் நோயும்தான். தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்வது, மாத்திரை கொடுப்பது, ஜன்னலுக்கு வலை அடிப்பது என்று பல வேலைகள் சேர்ந்துதான் அந்தக் கெட்ட பெயரைத் தேய்த்தன. கொசுவுக்குப் பயந்து ஜன்னலையே ஆணியடித்து மூடிவிட யாரும் சொல்லவில்லை. அதே வீடுகளுக்குள் இன்று ஃபைபர் கேபிள் வழியே இணையம் வருகிறது. பேத்தியின் டேப்லெட், தாத்தாவின் செல்போன், கூடத்து டிவி மூன்றுக்கும் வாசல் ஒன்றே: டிவிக்குப் பின்னால் பச்சை விளக்கு மினுக்கும் ரூட்டர். அந்த வாசலுக்கு வலை போடலாமா, போட்டால் அது எதைத் தடுக்கும் என்பதுதான் இப்போதைய கேள்வி.

வலை போடுவது கம்பசூத்திரம் அல்ல. ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும் நம் கருவி முதலில் அதன் எண் முகவரியை விசாரிக்கிறது. விசாரணைக்குப் பதில் சொல்லும் ஏற்பாட்டுக்குப் பெயர் டிஎன்எஸ். வழக்கமாக இணைப்பு தரும் நிறுவனமே பதில் சொல்லும். அதற்குப் பதிலாக, மோசமான முகவரிகளைச் சொல்ல மறுக்கும் ஒருவரிடம் விசாரித்தால் அதுவே வடிகட்டி. கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் 2020 ஏப்ரலில் குடும்பங்களுக்கென்று இதை இலவசமாகத் தொடங்கியது. ரூட்டர் அமைப்பில் 1.1.1.2 என்று கொடுத்தால் வைரஸ் பரப்பும் தளங்கள் திறக்காது, 1.1.1.3 என்றால் ஆபாசத் தளங்களும் சேர்ந்து அடைபடும். சில நிமிட வேலை. ஆனால் வீட்டு வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவுக்கு மாறிய நிமிடமே ரூட்டரில் போட்ட வலை விலகிவிடும். போனில் தனியாகப் போட வேண்டும். யூடியூப் போன்ற ஒரு தளத்துக்குள் எந்த வீடியோ நல்லது, எது கெட்டது என்றும் இதற்குத் தெரியாது.

இந்த வேலையை அரசே ஊர் முழுவதற்கும் செய்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. செய்து பார்த்த அனுபவம் நமக்கு இருக்கிறது. 2012இல் ‘3’ உள்ளிட்ட படங்களின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இணைய நிறுவனங்களோ விமியோ, டெய்லிமோஷன் போன்ற தளங்களை முழுதாகவே முடக்கின. படம் இருக்கும் குறிப்பிட்ட முகவரியை மட்டும் தடுத்தால் போதும் என்று ஜூன் மாதம் நீதிமன்றமே தெளிவுபடுத்த வேண்டியதாயிற்று. 2015இல் மத்திய அரசு ஆபாசத் தளங்கள் என்று 857 தளங்களைத் தடுக்கச் சொன்னபோது நகைச்சுவைத் தளங்களும் அந்தப் பட்டியலில் மாட்டின. சில நாட்களிலேயே உத்தரவு தளர்த்தப்பட்டது. தடுப்பவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறாரோ, வலையின் கண் அவ்வளவு தாறுமாறாகிறது.

இணைய நிறுவனங்கள் பெற்றோர் கையில் ஒரு கட்டுப்பாட்டு வசதியைத் தர வேண்டும் என்று கோரிய வழக்கில், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2025 டிசம்பரில் தீர்ப்பளித்தது. ஆஸ்திரேலியாவைப் போலப் பதினாறு வயதுக்கு உட்பட்டோரின் சமூக ஊடகப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை மத்திய அரசு பரிசீலிக்கலாம் என்றது அது. அந்த யோசனை பெரிய செய்தியானது. மனுவின் எளிய கோரிக்கைதான் என் கண்ணில் பெரிது: சாவி வீட்டுக்காரரிடம் இருக்கட்டும் என்பது.

ஆனால் வலை வேலை செய்கிறதா? ஆக்ஸ்போர்டு இணைய ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு, பதின்வயதினர் ஒருவர் ஆபாசத்தைக் காணாமல் தடுக்க 17 முதல் 77 வீடுகள் வரை வடிகட்டி வைத்திருக்க வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டது. வடிகட்டியை விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. இந்தக் கணக்கை மறுக்க வேண்டியதில்லை, புரிந்துகொண்டால் போதும். கொசுவலை வெளியிலிருந்து வரும் கொசுவுக்குத்தான் தடை. கதவைத் திறந்துகொண்டு வெளியே போகும் பையனுக்கு அது தடை ஆகாது. தேடிப் போகிறவனை, தடையைச் சுற்றிப் போகும் விபிஎன்னும் நண்பனின் போனும் கொண்டு சேர்த்துவிடும். அவனிடம் பேசத்தான் வேண்டும். வடிகட்டி அந்தப் பேச்சுக்கு மாற்று இல்லை.

தேடாமலே வந்து விழுவதுதான் வடிகட்டிக்கு உரிய இரை. அப்படிப் பார்த்தால் வீட்டில் அதன் முதல் பயனாளி பேத்தி அல்ல, தாத்தா. பிள்ளைகள் வெளிநாட்டில், பென்ஷன் வங்கியில், பேச்சுத் துணைக்கு வாட்ஸ்அப் என்று வாழும் முதியவர்கள் மாம்பலத்தில் ஏராளம். ‘உங்கள் கணக்கு முடக்கப்படும், கேஒய்சி புதுப்பிக்கவும்’ என்று லிங்க்கோடு ஒரு குறுஞ்செய்தி வருகிறது. அவருக்கு அந்தத் தளத்துக்குப் போகும் ஆசை எதுவும் இல்லை. பயம்தான் விரலை நகர்த்துகிறது. அந்த முகவரி தடைப் பட்டியலில் ஏறியிருந்தால் பக்கம் திறக்காது. ‘இன்றிரவு மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த எண்ணை அழையுங்கள்’ என்று வந்தாலோ வடிகட்டி பார்த்துக்கொண்டுதான் இருக்கும், ஏனென்றால் அதில் லிங்க் கிடையாது. போலீஸ் உடையில் வீடியோ காலில் மிரட்டும் ‘டிஜிட்டல் கைது’க்கும் அதே கதிதான். அங்கே காப்பது, அப்படி ஒரு கைது சட்டத்திலேயே இல்லை என்ற அறிவும், 1930 என்ற உதவி எண்ணும்.

இது வேவு பார்க்கும் வேலையல்லவா என்ற ஆட்சேபத்தையும் ஒதுக்க முடியாது. பிள்ளையின் ஒவ்வொரு தேடலையும் அப்பாவுக்கு அறிக்கையாக அனுப்பும் செயலிகள் நிச்சயம் வேவுதான். டிஎன்எஸ் வடிகட்டி யாருக்கும் கோள் சொல்லாமல் வெறுமனே வழியை மறிக்கலாம். ஆனாலும் ரகசியமாகப் போட்டால் அதுவும் அவமானமே, எண்பது வயதுக்காரருக்கு இன்னும் கூடுதலாக. நல்ல தளம் ஒன்று தவறுதலாக அடைபட்டால், குற்றம் தன்மேல்தான் என்று அவர் நினைத்துக்கொள்வார். ஆகவே வடிகட்டியைப் போட்டவர், ரூட்டர் பக்கத்துச் சுவரில் ஒரு சீட்டும் ஒட்டட்டும்: என்ன அடைத்திருக்கிறோம், தேவையானது திறக்காவிட்டால் வீட்டில் யாரைக் கேட்பது, பணம் போனால் உடனே 1930. பேத்தியும் தாத்தாவும் படிக்கிற உயரத்தில், பெரிய எழுத்தில்.