கண்ணாடிக்கு நடுவே ஒரு போர்வை

நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு 6,514 ஜன்னல்கள். எல்லாமே இரட்டைக் கண்ணாடி. 2010இல் அத்தனையையும் கழற்றினார்கள். அவை குப்பைக்குப் போகவில்லை. அதே கட்டடத்தின் ஐந்தாம் தளத்துக்குப் போயின. அங்கே அவற்றைப் புதுப்பிப்பதற்கென்றே ஒரு பட்டறை போட்டிருந்தார்கள்.

கண்ணாடி இரண்டாக இருப்பதால்தான் வெப்பம் தடைபடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வேலை செய்வது நடுவில் அடைபட்ட காற்று. அசையாத காற்று, கண்ணாடியைவிட ஏறத்தாழ 40 மடங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும். கம்பளி கதகதப்பாக இருப்பதும் இதனால்தான்.

ஆனால் காற்று அசையக் கூடாது. இடைவெளி 12 முதல் 16 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. அதற்கு மேல் அகலமானால் உள்ளே சூடான காற்று மேலேறி, குளிர்ந்த காற்று கீழிறங்கி, வெப்பத்தை அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். காற்றுக்குப் பதில் ஆர்கான் வாயுவை அடைப்பதும் உண்டு. அது காற்றைவிடக் கனமானது, வெப்பத்தை இன்னும் குறைவாகக் கடத்துவது.

மிச்சமிருப்பது கதிர்வீச்சாகத் தாவும் வெப்பம். அதைத் தடுக்க, உள்பக்கத்தில் கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லிய வெள்ளிப் பூச்சு பூசுகிறார்கள். வெளிச்சம் உள்ளே வரும். வெப்பம் திரும்பிப் போகும். வெயில் கொளுத்தும் ஊர்களில் இந்தப் பூச்சுதான் முக்கியம். வெறும் இரட்டைக் கண்ணாடி நேர் வெயிலை அவ்வளவாகத் தடுக்காது.

பூச்சு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. இருட்டியதும் ஜன்னலருகே ஒரு சிறு சுடரைப் பிடித்தால் கண்ணாடியில் நான்கு பிம்பங்கள் தெரியும். பூச்சு இருந்தால் அவற்றில் ஒன்று மட்டும் வேறு நிறத்தில் இருக்கும்.

விளிம்பைச் சுற்றி ஓடும் உலோகச் சட்டத்துக்குள் ஈரம் உறிஞ்சும் மணிகள் இருக்கின்றன. விளிம்பின் அடைப்பு விட்டுப்போனால் ஈரம் புகுந்து, இரண்டு கண்ணாடிக்கும் நடுவே மூட்டம் படியும். எவ்வளவு துடைத்தாலும் போகாது.

எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் ஐந்தாம் தளத்தில் நடந்தது இதுதான்: பழைய கண்ணாடிகளைப் பிரித்து, கழுவி, நடுவில் பூச்சுள்ள மெல்லிய பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டி, வாயு நிரப்பி, புதிதாக அடைத்தார்கள். பழைய கண்ணாடியிலும் சட்டத்திலும் 96 சதவீதத்துக்கு மேல் மறுபடி பயன்பட்டது. ஜன்னல் வழியே வரும் வெப்பம் குறையவே, குளிரூட்டும் இயந்திரங்களைப் புதிதாக வாங்கவும் வேண்டியிருக்கவில்லை; இருந்தவற்றையே புதுப்பித்துக்கொண்டார்கள்.