முப்பாட்டி எந்த ஊர்?

உங்கள் பாட்டியைப் பெற்ற தாயின் பெயர் என்ன? அப்பாரு, ஆத்தா, அப்புச்சி, அமுச்சி வரை தடையின்றிச் சொல்லிவிடுவோம். அதற்கு மேலே பெயர்கள் மங்கிவிடுகின்றன. அதிலும் பெண்களின் பெயர்களே முதலில் மறைகின்றன. தந்தையின் முதலெழுத்தோடு வளர்ந்தவள் மணமானதும் கணவனின் முதலெழுத்துக்கு மாறிவிடுகிறாள் அல்லவா?

போத்தனூர்க் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைப் பேப்பூர் வரை இருப்புப்பாதை 1862-இல் முழுமையடைந்தது; இங்கிருந்து மேட்டுப்பாளையம் கிளைப்பாதை 1873-இல் திறக்கப்பட்டது. 1956 வரை நமதூர் இரயில்வே கோட்டத் தலைமையிடமாகவும் விளங்கிற்று. இரயில்வே உத்தியோகம் என்றால் மாற்றல் இல்லாமலா? மூத்தது அரக்கோணத்தில், அடுத்தது ஜோலார்பேட்டையில், கடைக்குட்டி ஒலவக்கோட்டில் என ஒரு வீட்டுப் பிள்ளைகள் மூன்று ஊர்களில் பிறந்திருப்பார்கள்.

கத்தோலிக்கக் குடும்பங்களுக்குப் பங்குக் கோவிலின் ஞானஸ்நானப் பதிவேடு பெருந்துணை. தந்தையின் பெயரோடு தாயின் பெயரும், ஞானத் தாய் தந்தையர் பெயரும் அதில் இருக்கும். அக்குழந்தை வளர்ந்து வேறு ஊரில் மணம் செய்தால், செய்தி பழைய பங்குக்கு வந்து அதே பதிவில் குறிக்கப்படும். கன்னியர் நித்திய வார்த்தைப்பாடு கொடுப்பதும் அவ்வாறே. நம் சகோதரிகளின் பெயர்களும் எங்கோ ஒரு பங்கின் ஏட்டில் அப்படி இருக்கின்றன! ஆக, ஓர் ஊரின் ஏடு அடுத்த ஊருக்கு வழி சொல்லும்.

பழைய ஏடுகள் இலத்தீனில் இருக்கலாம். வீட்டில் இராயப்பன் என்றவர் அங்கே பெத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யொவான்னெஸ், சூசை யோசேபுஸ். இதை அறியாமல் போனால் தாத்தாவின் பெயரைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டே ‘இல்லை’ என்று திரும்ப வேண்டியதுதான். ஆங்கிலோ-இந்தியக் குடும்பத்தாருக்கு இலண்டன் பிரிட்டிஷ் நூலகமும் உதவும். சென்னை மாகாணத்து ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் பிரதிகள் அங்கே உள்ளன.

பரீட்சை, வீட்டு வேலை, அப்பாவின் இரவு டியூட்டி இவற்றுக்கிடையே ஊர் ஊராய் அலைய யாரால் முடியும்? அலைய வேண்டியதில்லை. முதல் ஊர் நம் வீட்டு டிரங்குப் பெட்டிதான். பழைய கலியாணப் பத்திரிகை, நிலப் பத்திரம், பென்ஷன் காகிதம் எல்லாம் அதற்குள் கிடக்கும். அடுத்தது பாட்டி. அவரைக்காய் ஆய்கையில் நாளுக்கு ஒரு கேள்வி போதும். அடுக்கடுக்காய்க் கேட்டால் சலித்துப்போவார். ஏடு பத்தாண்டு காத்திருக்கும், பாட்டியின் நினைவு காத்திராது. ஆகவே இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பயணத்தைப் பொறுத்தவரை, எப்படியும் போகிற பயணத்தோடு சேர்த்துக்கொள்வதே சிக்கனம். வேளாங்கண்ணி யாத்திரை, அத்தை மகள் கலியாணம் என்று போகும்போது வழியிலுள்ள ஒரு பங்கை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். பங்குத் தந்தைக்கு முன்கூட்டியே பெயர், உத்தேச ஆண்டு எழுதி அனுப்புங்கள். ஞாயிறும் திருவிழா நாளும் வேண்டாம். நவம்பர் 2-இல் கல்லறைக்கு மெழுகுவர்த்தியோடு ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டுபோனால், கல்வெட்டுத் தேதிகள் அன்றே கிடைக்கும். இந்துக் குடும்பத்துப் பிள்ளைகள் காணிக் கோயில் நோம்பிக்குப் போகையில், குலத்துப் பெரியவர்களிடம் அவ்வாறே கேட்டு எழுதலாம்.

ஒவ்வொரு குறிப்பின் கீழும் சொன்னவர் பெயரையும் சொன்ன தேதியையும் எழுதுங்கள். இரண்டு பெரியவர்கள் இரண்டு விதமாய்ச் சொன்னால் இரண்டையும் எழுதி வையுங்கள். எது சரியென்பதைப் பிறகு ஏடு காட்டும்.